அடையாளம் எழும்பூரில், விதிகள் ஒரகடத்தில்! ஃப்ரீமேசன்களின் 600 வருடச் சொத்து யாருக்குப் போனது?

ஒரகடம் சந்திப்பிலிருந்து வல்லம் வடகால் பக்கம் எந்த நாள் போனாலும், ஏதாவது ஒரு கட்டடம் எழும்பிக்கொண்டிருக்கும். ஒரு புதுத் தொழிற்சாலை, ஒரு குடோன், இல்லையென்றால் தொழிலாளர்களுக்கான விடுதி. சாரத்தில் நிற்கும் கொத்தனாரிடம் மூன்று சாமான்கள் கட்டாயம் இருக்கும். மூலை 90 டிகிரியில் இருக்கிறதா என்று பார்க்க மூலைமட்டம். சுவர் நேராக நிற்கிறதா என்று பார்க்க தூக்குக்குண்டு. தரை சமமாக இருக்கிறதா என்று பார்க்க ரசமட்டம்.

அங்கிருந்து சுமார் 50 கிலோமீட்டர் தள்ளி, சென்னை எழும்பூர் எத்திராஜ் சாலையில் உயரமான தூண்களோடு ஒரு பழைய கட்டடம் இருக்கிறது. பெயர் ஃப்ரீமேசன்ஸ் ஹால். 1920-களில் கட்டப்பட்டது. அங்கே நடக்கும் கூட்டங்களில் இதே மூன்று கருவிகளின் சிறிய வடிவங்கள் நிர்வாகிகளின் கழுத்துப் பட்டையில் தொங்கும். தலைவருக்கு மூலைமட்டம், அடுத்த நிலையில் இருப்பவருக்கு மட்டம், மூன்றாமவருக்குத் தூக்குக்குண்டு. அவர்களில் யாரும் சுவர் கட்டப்போவதில்லை. வக்கீல், டாக்டர், தொழிலதிபர், ஓய்வுபெற்ற அதிகாரி என்று பல துறைக்காரர்கள்.

கொத்தனாரின் சாமான் எப்படிக் கனவான்களின் கழுத்துக்கு ஏறியது? அதோடு சேர்ந்து வரவேண்டிய கொத்தனாரின் விதிகள் எங்கே போயின? இந்தக் கேள்விக்கான பதில் லண்டனில் பாதியும், ஒரகடத்தில் பாதியும் இருக்கிறது.

'லாட்ஜ்' என்றால் என்ன?

லாட்ஜ் என்றதும் நமக்கு ஞாபகம் வருவது பஸ் ஸ்டாண்ட் பக்கத்து ரூம்தான். ஃப்ரீமேசன்கள் தங்கள் கிளைச் சங்கத்தை லாட்ஜ் என்கிறார்கள். இரண்டுக்கும் முன்னால் அந்தச் சொல்லுக்கு இன்னொரு அர்த்தம் இருந்தது.

இடைக்கால ஐரோப்பாவில் ஒரு தேவாலயம் கட்ட 50 வருடம், 100 வருடம்கூட ஆகும். கல் தச்சர்கள் ஊர் விட்டு ஊர் வந்து தங்கி வேலை செய்வார்கள். வேலை நடக்கும் இடத்தை ஒட்டி ஒரு கொட்டகை போடுவார்கள். கருவிகளை வைக்க, மழையில் ஒதுங்கி கல் செதுக்க, மதியம் சாப்பிட. அந்தக் கொட்டகைதான் லாட்ஜ். இன்று கட்டுமான இடங்களில் தகரக் கொட்டகை போடுகிறார்களே, கிட்டத்தட்ட அதேதான்.

தொழிலில் மூன்று படிகள் இருந்தன. கற்றுக்கொள்ள வந்த பையன், தொழில் தெரிந்த சக தொழிலாளி, வேலையை எடுத்து நடத்தும் மாஸ்டர். நம் ஊரில் சித்தாள், கொத்தனார், மேஸ்திரி என்கிறோம். இதில் 'மேஸ்திரி' என்ற சொல்லே போர்ச்சுகீசியர்களின் 'மெஸ்த்ரே'யிலிருந்து வந்தது. 'மாஸ்டர்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கும் அதற்கும் லத்தீன் மூலம் ஒன்றுதான். ஆக, 'மாஸ்டர் மேசன்' என்று ஃப்ரீமேசன்கள் பெருமையாகச் சொல்லும் மூன்றாம் படியை, ஒரகடத்தில் 'மேஸ்திரி' என்று சர்வ சாதாரணமாகக் கூப்பிடுகிறோம்.

மதியத்துக்கு முன்பே சொல்லிவிடு!

அந்தக் கல் தச்சர்களின் விதிகள் எழுத்தில் கிடைத்திருக்கின்றன. மிகப் பழையது, லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கும் ரீஜியஸ் சுவடி. 14-ம் நூற்றாண்டின் இறுதி அல்லது 15-ம் நூற்றாண்டின் முற்பாதியைச் சேர்ந்தது என்று அறிஞர்கள் கணிக்கிறார்கள். 794 வரிகள், முழுக்கச் செய்யுள். 1840-ல்தான் முதன்முதலில் அச்சில் வந்தது. அதில் 15 சட்டங்கள், 15 நெறிகள்.

ரகசியச் சடங்கு, மந்திரம், புதையல் வரைபடம் என்று எதையாவது எதிர்பார்த்து அதைப் படித்தால் ஏமாற்றம்தான். பெரும்பகுதி, வேலை நடக்கும் இடத்துக்கான விதிகள். சில உதாரணங்கள்:

• மாஸ்டர் தன் ஆட்களுக்குக் கூலி தரும்போது, அந்தக் காலத்தில் உணவுப் பொருள் என்ன விலை விற்கிறதோ அதைப் பார்த்துத் தர வேண்டும். லஞ்சம் வாங்கக் கூடாது.

• தொழில் பழக வருபவனை 7 வருடத்துக்குக் குறைவாக எடுக்கக் கூடாது. அதற்குள் தொழில் முழுதாக வராது.

• ஒரு மாஸ்டர் எடுத்த வேலையை இன்னொருவர் தட்டிப் பறிக்கக் கூடாது.

• ராத்திரியில் வேலை கூடாது. தொழிலைப் படித்துத் தேர்வதற்காக என்றால் மட்டும் பரவாயில்லை.

• ஒருவனுக்கு இனி வேலை இல்லை என்றால், மாஸ்டர் அதை மதியத்துக்கு முன்பே முறைப்படிச் சொல்லிவிட வேண்டும்.

• மாஸ்டரின் தொழில் விஷயங்களையும் கொட்டகையில் பேசியதையும் வெளியே சொல்லக் கூடாது.

கடைசி விதிதான் பிற்காலத்தில் 'ரகசியச் சங்கம்' என்ற பெயரை வாங்கிக் கொடுத்தது. அதற்கும் ஒரு நடைமுறைக் காரணம் இருந்தது. அன்று ஐ.டி.ஐ சான்றிதழ் கிடையாது, ஆதார் கிடையாது. 'எனக்குத் தொழில் தெரியும்' என்று புது ஊரில் எப்படி நிரூபிப்பது? தெரிந்தவர்களுக்கு மட்டும் தெரிந்த ஒரு சொல்லோ சைகையோதான் சான்றிதழ். ஸ்காட்லாந்தில் அதற்கு 'மேசன் சொல்' என்றே பெயர்.

கல் தச்சர்கள் தங்கள் அடையாளத்தைக் கல்லில் விட்டுப்போகும் பழக்கமும் உண்டு. ஐரோப்பிய தேவாலயங்களில் ஆளுக்கு ஒரு குறி பொறித்திருப்பார்கள். நம் பக்கத்திலும் சான்று இருக்கிறது. மாமல்லபுரத்தை ஒட்டிய பூஞ்சேரியில் ஒரு பாறையில் சிற்பிகளின் பெயர்கள் வெட்டப்பட்டிருக்கின்றன. கேவாத பெருந்தச்சன், குணமல்லன், கொல்லன் சேமகன் என்று வரிசையாக. பல்லவ மன்னர்களின் பட்டங்களுக்கு நடுவில் வேலை செய்தவர்களின் பெயர்கள் தப்பிப் பிழைத்த அபூர்வ இடம் அது.

சாரம் சரிந்தால் மேஸ்திரி பதவி காலி

1598 டிசம்பர் 28. ஸ்காட்லாந்து மன்னரின் கட்டுமானப் பணிகளுக்குத் தலைவராக இருந்த வில்லியம் ஷா, மேசன்களுக்கு ஒரு விதித் தொகுப்பை வெளியிட்டார். 'ஷா சட்டங்கள்' என்று பெயர். ஃப்ரீமேசன் வரலாற்றில் முக்கியமான ஆவணம் இது.

அதில் ஒரு விதி இன்று படித்தாலும் நிமிர்ந்து உட்கார வைக்கும். வேலையை எடுத்து நடத்துபவர்கள் சாரமும் நடைபலகையும் உறுதியாகக் கட்டப்பட்டிருக்கின்றனவா என்று கவனமாகப் பார்க்க வேண்டும். அவர்களின் அலட்சியத்தால் யாருக்காவது அடிபட்டால், அவர்கள் அதன் பிறகு பொறுப்பெடுத்து வேலை நடத்தவே கூடாது. மிச்ச வாழ்நாள் முழுக்க இன்னொரு மாஸ்டருக்குக் கீழேதான் வேலை பார்க்க வேண்டும். அபராதம் கட்டிவிட்டுத் தப்பிக்கும் வழியை அந்த விதி தரவில்லை. தண்டனை, பதவி இறக்கம்.

இப்படி விதி வகுத்துக்கொண்டு ஒன்று கூடுவது ஆட்சியில் இருப்பவர்களுக்கு எப்போதும் பிடித்திருக்கவில்லை. இங்கிலாந்தில் கொள்ளைநோய்க்குப் பிறகு ஆட்கள் குறைந்து கூலி ஏறியபோது, அதைக் கட்டுப்படுத்த 1351-ல் சட்டம் வந்தது. மேசன்கள் வருடாவருடம் கூடிப் பேசுவது அந்தச் சட்டத்தை உடைக்கிறது என்று சொல்லி, 1425-ல் அவர்களின் கூட்டங்களையே நாடாளுமன்றம் தடை செய்தது. கொட்டகைக்குள் பேசியது அன்று யாருக்கு உறுத்தியது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

கரணை பிடிக்காத கைகள்

பெரிய தேவாலயங்கள் கட்டும் காலம் முடிந்தது. 17-ம் நூற்றாண்டில் மேசன் லாட்ஜ்களில் தொழிலுக்குச் சம்பந்தமில்லாத படித்தவர்களும் பிரபுக்களும் சேர ஆரம்பித்தார்கள். பழங்காலப் பொருள் ஆராய்ச்சியாளரான எலியாஸ் ஆஷ்மோல் 1646-ல் சேர்ந்ததைத் தன் டைரியில் எழுதிவைத்திருக்கிறார். அவர் கல் உடைத்தவர் இல்லை.

1717 ஜூன் 24-ல் லண்டனில் 'கூஸ் அண்ட் கிரிடயர்ன்' என்ற மதுக்கடையில் நான்கு லாட்ஜ்கள் சேர்ந்து ஒரு தலைமைச் சங்கத்தை உருவாக்கியதாக ஃப்ரீமேசன் மரபு சொல்கிறது. 1723-ல் ஜேம்ஸ் ஆண்டர்சன் என்ற ஸ்காட்டிஷ் போதகர் பழைய சுவடிகளைத் தொகுத்து, சங்கத்துக்கான விதிநூலை அச்சிட்டார். நவீன ஃப்ரீமேசன்ரியின் அடித்தளம் இந்த நூல்தான்.

இங்கேதான் பாதை பிரிகிறது. கூலி, பயிற்சிக் காலம், இரவு வேலை பற்றிய விதிகள் மெல்ல மெல்ல வெறும் அலங்காரமாகின. கருவிகள் குறியீடுகளாயின.

மூலைமட்டம் என்றால் நேர்மையான நடத்தை. கவராயம் என்றால் ஆசைக்கு ஒரு வட்டம் போட்டுக்கொள்வது. மட்டம் என்றால் எல்லோரும் சமம். தூக்குக்குண்டு என்றால் நிமிர்ந்து நிற்பது. கரடுமுரடான கல் புதிதாகச் சேர்ந்தவர். செதுக்கி முடித்த கல் பண்பட்ட மனிதர். வேலையில் துணி பாழாகாமல் இருக்கக் கட்டிய தோல் ஏப்ரன், ஆட்டுக்குட்டித் தோலில் செய்த வெள்ளை ஏப்ரன் ஆகி, தூய்மையின் சின்னமானது.

இதைக் கேலி செய்யத் தேவையில்லை. கருவியை வைத்து ஒழுக்கம் சொல்லித்தருவது நல்ல யோசனைதான். 'கணக்காப் பேசு', 'மட்டு மரியாதை', 'நேர்கோடு மாதிரி மனுஷன்' என்று நாமும் அளவுச் சொற்களை வைத்துத்தான் மனிதர்களை எடை போடுகிறோம்.

போலீஸ் தலைமையகத்தின் பழைய முதலாளி

ஃப்ரீமேசன்ரி இந்தியாவுக்குக் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்களோடு கப்பலில் வந்தது. 1730 வாக்கில் கல்கத்தாவில் முதல் லாட்ஜ். 1752-ல் மெட்ராஸில். 1786-ல் தொடங்கிய 'பெர்ஃபெக்ட் யுனானிமிட்டி' லாட்ஜ் மெட்ராஸ் ஃப்ரீமேசன் வரலாற்றில் முக்கியமான பெயர்.

மெரினா கடற்கரைச் சாலையில், தமிழ்நாடு காவல்துறைத் தலைமை இயக்குநர் அலுவலகமாக இருக்கும் வெள்ளைக் கட்டடத்தைப் பார்க்காதவர்கள் குறைவு. அது 1839-ல் இந்த லாட்ஜுக்காகக் கட்டப்பட்டது. 1865-ல் போலீஸ் துறை அதை மாதம் 90 ரூபாய்க்கு வாடகைக்கு எடுத்தது. 1874-ல் 20,000 ரூபாய்க்கு விலைக்கு வாங்கியது. 1990-களில் அதை இடிக்கும் யோசனை வந்தபோது, பாரம்பரிய ஆர்வலர்கள் நீதிமன்றம் போய்க் காப்பாற்றினார்கள்.

மெட்ராஸ் மாகாணத்துக்கு இன்னொரு பெருமையும் உண்டு. ஆற்காடு நவாப் முகமது அலியின் மகன் உம்தத்-உல்-உம்ரா, 1770-களின் நடுவில் திருச்சிராப்பள்ளியில் ஃப்ரீமேசன் ஆனார். இந்தியர்களில் மிக முதலில் சேர்ந்தவர்களில் ஒருவர். செய்தி லண்டனுக்குப் போனதும், தலைமைச் சங்கம் அவருக்கு வேலைப்பாடு செய்த ஏப்ரனையும் அழகாக பைண்டிங் செய்த விதிநூலையும் அனுப்பியது. அவர் பாரசீக மொழியில் நன்றிக் கடிதம் எழுதினார். ஆண்டர்சனின் விதிநூல், 'எல்லா மனிதரும் ஒப்புக்கொள்ளும் மதம்' போதும் என்று பொதுவாகச் சொல்லியிருந்ததால்தான் ஒரு முஸ்லிம் இளவரசருக்கு அந்தக் கதவு திறந்தது.

ஒரே விதி... ஒருவருக்குச் சாவி, ஒருவருக்குப் பூட்டு

பழைய விதி எல்லோருக்கும் அப்படித் திறக்கவில்லை.

பிரசன்ன குமார் தத் என்ற வங்காள வணிகர் 1863-ல் கல்கத்தாவில் சேர விண்ணப்பித்தார். இந்துக்கள் பல தெய்வங்களை வணங்குபவர்கள், கடவுள் ஒருவர் என்ற விதிக்கு எப்படிப் பொருந்துவார்கள் என்று வாதம் கிளம்பியது. சாதி பார்ப்பவர்கள் சகோதரத்துவத்தை எப்படி ஏற்பார்கள் என்ற வாதமும் வந்தது. 9 வருடம் விடாமல் போராடி, 1872-ல் 'ஆங்கர் அண்ட் ஹோப்' லாட்ஜில் சேர்ந்தார். அவர் திறந்த அதே லாட்ஜில்தான் 1884-ல் நரேந்திரநாத் தத்தா என்ற இளைஞர் சேர்ந்தார். பின்னாளில் உலகம் அவரை விவேகானந்தர் என்று அழைத்தது.

இன்று இந்தியாவில் நடக்கும் லாட்ஜ் கூட்டங்களில் பகவத் கீதை, குர்ஆன், பைபிள், குரு கிரந்த சாகிப், அவெஸ்தா என்று பல புனித நூல்களைத் திறந்துவைக்கிறார்கள். கூட்டத்துக்குள் மத விவாதமும் அரசியலும் பேசக் கூடாது என்ற 1723-ன் விதி இன்றும் அமலில் இருக்கிறது. ஃபேமிலி வாட்ஸ்அப் குரூப் வைத்திருக்கும் யாருக்கும் அந்த விதியின் அருமை புரியும்.

ஆனால், அதே 1723-ன் நூல், உறுப்பினர்கள் சுதந்திரப் பிறப்புடையவர்களாக இருக்க வேண்டும், அடிமைகள் கூடாது, பெண்கள் கூடாது என்றது. அடிமை முறை ஒழிந்த பிறகு, விடுதலையான மனிதர்களை ஒதுக்கிய 'சுதந்திரப் பிறப்பு' என்ற சொல்லை இங்கிலாந்துச் சங்கம் 1847-ல் 'சுதந்திர மனிதர்' என்று திருத்தியது. ரகசியத்தை வெளியிட்டால் கிடைக்கும் கொடூரமான தண்டனைகள் பற்றிய வரிகளை 1986-ல் உறுதிமொழியிலிருந்து நீக்கியது. 1877-ல் பிரான்ஸ் நாட்டின் பெரிய சங்கம் கடவுள் நம்பிக்கை கட்டாயம் என்ற விதியையே எடுத்துவிட்டது. அதனால் இங்கிலாந்துச் சங்கம் அவர்களோடு உறவை முறித்துக்கொண்டது.

'பெண்கள் கூடாது' என்ற விதி மட்டும் இங்கிலாந்துச் சங்கத்திலும் இந்திய கிராண்ட் லாட்ஜிலும் அப்படியே இருக்கிறது. அதை ஏற்காதவர்கள் தனி வழி போட்டார்கள். 1893-ல் பாரிஸில் ஆணும் பெண்ணும் சேரும் 'லெ துருவா உமேன்' அமைப்பு உருவானது. 1902-ல் அதில் சேர்ந்து, பிரிட்டனுக்கும் இந்தியாவுக்கும் கொண்டுவந்தவர், சென்னை அடையாறில் வாழ்ந்த அன்னி பெசன்ட். இங்கிலாந்தில் 1908-ல் பெண்களின் தனி அமைப்பும் வந்தது.

இந்த இடத்தில் ஒரகடத்தின் சாரத்தையும் ஒருமுறை பார்க்க வேண்டும். அங்கே 'பெண்கள் கூடாது' என்று எழுதிய விதி எதுவும் இல்லை. ஆனால், செங்கல்லும் கலவையும் சுமக்கும் சித்தாள்களில் ஏராளமானவர்கள் பெண்கள். கரணை பிடிக்கும் கொத்தனார்கள் பெரும்பாலும் ஆண்கள். 20 வருடம் கலவை சுமந்த அக்கா சித்தாளாகவே ஓய்வு பெறுவார். நேற்று வந்த பையன் இரண்டு வருடத்தில் கொத்தனார் ஆகிவிடுவான். எழுதிய விதியையாவது திருத்தலாம். எழுதாத விதியை எங்கே போய்த் திருத்துவது?

24 அங்குல ஸ்கேலும் 12 மணி நேர வேலையும்

ஃப்ரீமேசன் சங்கத்தில் புதிதாகச் சேருபவருக்கு விளக்கப்படும் முதல் கருவிகளில் ஒன்று 24 அங்குல அளவுகோல். கல்லை அளக்கும் கோல், குறியீட்டில் ஒரு நாளின் 24 மணி நேரம். 1797-ல் அமெரிக்காவில் தாமஸ் ஸ்மித் வெப் அச்சிட்ட சடங்கு விளக்க நூல், அதை மூன்று சம பங்காகப் பிரிக்கச் சொல்கிறது. 8 மணி நேரம் இறைவனுக்கும் துன்பப்படும் சகோதரருக்கும், 8 மணி நேரம் தொழிலுக்கு, 8 மணி நேரம் ஓய்வுக்கும் உறக்கத்துக்கும்.

அழகான கணக்கு. ஆனால், அதைக் குறியீடாக வைத்திருந்தவர்கள் ஆலை முதலாளிகளிடம் போய்க் கேட்கவில்லை. கேட்டவர்கள், நிஜமான மேசன்கள். 1856 ஏப்ரல் 21-ல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில், பல்கலைக்கழகக் கட்டடத்தில் வேலை செய்துகொண்டிருந்த கல் தச்சர்கள் கருவியைக் கீழே வைத்துவிட்டு நாடாளுமன்றம் நோக்கி நடந்தார்கள். கூலி குறையாமல் 8 மணி நேர வேலை என்ற உரிமையை வென்றார்கள். அதன் நினைவாக '888' என்ற எண்களைத் தாங்கிய சின்னம் இன்றும் அந்த நகரில் நிற்கிறது.

அந்தக் கோரிக்கை நம் ஊருக்கும் வந்தது. 1923 மே 1-ல் இந்தியாவின் முதல் மே தினத்தை மெட்ராஸ் கடற்கரையில் கொண்டாடினார் சிங்காரவேலர். 1948-ன் தொழிற்சாலைகள் சட்டம், வாரத்துக்கு 48 மணி நேரம், நாளைக்கு 9 மணி நேரம் என்று வரம்பு போட்டது.

2023-ல் அந்த வரம்பு ஆட்டம் கண்டது. ஒரு நாள் வேலையை 12 மணி நேரம் வரை நீட்டிக்க வழிசெய்யும் திருத்த மசோதா தமிழக சட்டமன்றத்தில் நிறைவேறியது. தேதி, ஏப்ரல் 21. மெல்போர்ன் கல் தச்சர்கள் நடந்த அதே தேதி. தொழிற்சங்கங்களும் கூட்டணிக் கட்சிகளும் எதிர்த்தன. சில நாளில் மசோதா நிறுத்திவைக்கப்பட்டது. மே 1-ல் முதல்வர் ஸ்டாலின் அதைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தார். ஒரகடத்தில் ஷிஃப்ட் பஸ்ஸுக்காகக் காத்திருப்பவர்களுக்கு அந்த 24 அங்குல ஸ்கேல் குறியீடு இல்லை. வீட்டுக்குப் போய்ப் பிள்ளையின் முகத்தைப் பார்க்க முடியுமா என்ற கணக்கு.

1961: ஒரே குளிர்காலம், இரண்டு பிறப்புகள்

1961 நவம்பர் 24-ல் டெல்லியில் இந்தியாவுக்கென்று தனி 'கிராண்ட் லாட்ஜ் ஆஃப் இந்தியா' உருவானது. ராம்பூர் நவாப் ரஸா அலி கான் அதன் முதல் தலைவர். அதன்படி, சேருபவர் முதலில் 'பயிற்சியாளர்', அதாவது அப்ரன்டிஸ்.

18 நாள் கழித்து, டிசம்பர் 12-ல் இன்னொரு அப்ரன்டிஸ் பிறந்தார். இந்தியாவின் தொழிற்பழகுநர் சட்டம் அன்றுதான் ஒப்புதல் பெற்றது. ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் தொடர்பில்லை. ஆனால், இரண்டுக்கும் மூதாதை ஒருவர்தான்: ரீஜியஸ் சுவடியில் 7 வருடம் தொழில் பழக வந்த அந்தப் பையன்.

பழைய விதியில் அவனுக்கு மாஸ்டரைவிடக் குறைந்த கூலிதான். பதிலுக்கு, தொழிலை முழுதாகக் கற்றுக்கொடுப்பது மாஸ்டரின் கடமை. 1961 சட்டத்தில் அப்ரன்டிஸ், 'தொழிலாளி' அல்ல, பயிற்சி பெறுபவர். அவருக்குக் கிடைப்பது சம்பளம் அல்ல, உதவித்தொகை. இந்த ஏற்பாடு நியாயமாக இருப்பது ஒரே ஒரு நிபந்தனையில்தான்: நிஜமாகவே தொழில் கற்றுத்தரப்பட வேண்டும். டிப்ளோமா முடித்து பயிற்சியாளராக ஒரகடம் வரும் பையனோ பெண்ணோ, வருடம் முழுக்க ஒரே போல்ட்டை முடுக்கிவிட்டு வெளியே வந்தால், 600 வருடத்துக்கு முந்தைய மாஸ்டரே அதை ஒப்பந்த மீறல் என்பார்.

1799-லும் 2024-லும்

பிரெஞ்சுப் புரட்சியின் பயத்தில் இருந்த பிரிட்டிஷ் நாடாளுமன்றம் 1799-ல் இரண்டு சட்டங்கள் கொண்டுவந்தது. ஒன்று, ரகசிய உறுதிமொழி எடுக்கும் சங்கங்களைத் தடை செய்தது. அதில் ஃப்ரீமேசன் லாட்ஜ்களுக்கு விலக்கு. உறுப்பினர் பட்டியலை வருடாவருடம் கொடுத்தால் போதும். மற்றொன்று, கூலி உயர்வுக்காகத் தொழிலாளர்கள் கூட்டுச் சேர்வதைக் குற்றமாக்கியது. அதில் விலக்கே இல்லை.

யோசித்துப் பார்த்தால், கல் தச்சரின் குறியீட்டை அணிந்தவர்கள் கூடலாம். கல் தச்சரின் விதியைக் கேட்பவர்கள் கூடக் கூடாது. பிரிந்த பாதை அந்த வருடத்தில் சட்டமாகவே ஆனது. தொழிலாளர் மீதான அந்தத் தடை 1824-ல் நீங்கியது.

இந்தியாவில் முதல் முறையான தொழிற்சங்கம் என்று போற்றப்படும் சென்னைத் தொழிலாளர் சங்கம் 1918 ஏப்ரல் 27-ல், பெரம்பூர் பக்கத்து ஆலைத் தொழிலாளர்களுக்காகப் பிறந்தது. தலைவர் பி.பி.வாடியா, அன்னி பெசன்ட்டோடு முந்தைய ஆண்டு காவலில் வைக்கப்பட்ட அடையாறுக்காரர். 1926-ன் தொழிற்சங்கச் சட்டம், 7 பேர் சேர்ந்து பதிவுக்கு விண்ணப்பிக்கலாம் என்றது.

அது அவ்வளவு எளிதாக நடந்துவிடுவதில்லை. ஒரகடத்துக்குப் பக்கத்துச் சுங்குவார்சத்திரத்தில், சாம்சங் ஆலைத் தொழிலாளர்கள் 2024 செப்டம்பர் 9 முதல் அக்டோபர் 15 வரை 37 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். சம்பளம், வேலை நேரத்தோடு சேர்ந்து, முக்கியமான கோரிக்கை ஒன்றுதான்: எங்கள் சங்கத்தை அங்கீகரியுங்கள். நீதிமன்றம் வரை போன அந்தச் சங்கத்தின் பதிவு 2025 ஜனவரியில் கிடைத்தது. நிர்வாகத்தின் வாதங்களும் தொழிலாளர்களின் வாதங்களும் வேறு வேறு. ஆனால், கேள்வி 1425-ன் பழைய கேள்விதான். வேலை செய்பவர்கள் தங்கள் கொட்டகையில் கூடிப் பேசலாமா?

இன்று எதற்குப் பயன்?

இத்தனை பழைய விதிகளும் சின்னங்களும் இன்றைய ஃப்ரீமேசன்களுக்குத் தேவையா? அவர்களின் பார்வையில் தேவை. மதமும் அரசியலும் பேசாமல் பல தரப்பினர் ஓர் அறையில் உட்கார இந்தச் சடங்குகள் உதவுகின்றன. கோவையில் குழந்தைகளுக்கான மேசானிக் மருத்துவமனை போன்ற அறப்பணிகளும் அந்தச் சகோதரத்துவத்திலிருந்து வந்தவைதான். கால மாற்றத்துக்கு ஏற்ப 1847-லும் 1986-லும் வரிகளைத் திருத்தியவர்கள், மிச்சத்தையும் திருத்துவார்களா என்பது அவர்கள் கையில் இருக்கிறது.

ஆனால், அந்தச் சொத்தின் மறுபாதி நம்மிடம் இருக்கிறது. உங்கள் வீட்டில் யாராவது ஆலை வேலைக்குப் போகிறார்கள் என்றால், பழைய கல் தச்சர்களின் விதியிலிருந்து 5 கேள்விகளைக் கேட்டுப் பார்க்கலாம்.

1. விலைவாசி ஏறும்போது சம்பளமும் ஏறுகிறதா?

2. பயிற்சி என்ற பெயரில் போகிறவர் நிஜமாகவே தொழில் கற்கிறாரா?

3. வேலை இல்லை என்றால் அதை முன்கூட்டியே சொல்கிறார்களா, கேட்டில் அட்டையை வாங்கிக்கொண்டு அனுப்புகிறார்களா?

4. யாருக்காவது அடிபட்டால் பொறுப்பேற்கப்போவது யார்?

5. பெண்களும் அடுத்த படிக்கு ஏற முடிகிறதா?

வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கும் பெண் தொழிலாளர் விடுதி 2024 ஆகஸ்ட்டில் திறக்கப்பட்டது. இந்தத் தொழில்பேட்டையின் அடுத்த தலைமுறை அங்கே இருக்கிறது. கடைசிக் கேள்விக்கு அவர்களுக்கு என்ன பதில் கிடைக்கிறது என்று பார்த்தால், மட்டம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பது தெரிந்துவிடும்.